பழைய பொருளும் புதிய மோசடியும்

பண்டமாற்று நடந்த நாள்தொட்டு வாங்குவோனும் விற்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே பேரம் பேசி வந்தனர். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே இருந்த மூர் மார்க்கெட், 1985இல் தீக்கிரையாகும் வரை, பழைய நூல்களுக்கும் பழைய பொருள்களுக்கும் பேர்போன சந்தையாக விளங்கிற்று. அங்கும் ஏமாந்தவர் உண்டு. ஆயினும் ஏமாற்றியவனின் கடை மறுநாளும் அதே இடத்தில் இருக்கும். போய் நியாயம் கேட்கலாம். இன்றோ சந்தை நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. விற்பவன் முகம் மட்டும் மறைந்துவிட்டது.

இராமாநுசர் பிறந்த திருப்பெரும்பூதூர் இன்று தொழில் நகரம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2013இல் ராயல் என்ஃபீல்டும் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை அறைகளில் தங்கியுள்ளனர். பயிற்சிக் காலமோ ஒப்பந்தமோ முடிந்தால் கட்டில், மின்விசிறி, அடுப்பு, பைக் முதலியவற்றை விற்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இடத்திற்கு வருவோர் அவற்றை வாங்குவார்கள்.

எனவே, "எனக்கு மாற்றல் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன்" என்ற சொல் இவ்வட்டாரத்தில் பொய்யாக ஒலிப்பதில்லை. பல வேளைகளில் அது உண்மையே. மோசடிக்காரன் அந்த உண்மையைத்தான் கடன் வாங்குகிறான். நாம் ஏமாறுவதற்குக் காரணம் பேராசை மட்டுமன்று என்பதை முதலில் உணர வேண்டும்.

பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1970இல் பழைய கார்ச் சந்தையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நல்ல பொருளைச் சந்தையிலிருந்தே விரட்டிவிடும் என்று விளக்கினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அவர் ஆராய்ந்த சந்தையில் காராவது கண்முன் நின்றது. இணையச் சந்தையில் பொருளும் தெரியாது, ஆளும் தெரியாது.

விற்பவன் வேடம்

குறைந்த விலையில் ஒரு ஸ்கூட்டர் விளம்பரத்தில் தோன்றும். விற்பவன் தன்னை இராணுவ வீரன் என்பான். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவான். "வண்டியைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், போக்குவரத்துச் செலவை மட்டும் அனுப்புங்கள்" என்பான். பிறகு வரி என்பான், முன்பணம் என்பான். வண்டி வராது. படை வீரர்மீது மக்களுக்குள்ள மதிப்பே இங்கு முதலீடு ஆகிறது. இத்தகைய மோசடிகளுக்காகப் பேசப்படும் பகுதிகளுள் இராஜஸ்தானின் பரத்பூரும் ஹரியானாவின் நூஹ் மாவட்டமும் அடங்கும். 2023 ஏப்ரலில் ஹரியானா காவல்துறை சுமார் 5,000 காவலர்களுடன் நூஹ் மாவட்டக் கிராமங்களில் சோதனை நடத்தியது.

வாங்குபவன் வேடம்

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த என் பெரியம்மா மகன், ஊர் திரும்புமுன் தம் குளிர்சாதனப் பெட்டியை ஆறாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்தார். ஒருவன் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டான். "முதலில் ஐந்து ரூபாய் அனுப்பிப் பார்க்கிறேன்" என்று அனுப்பியும் வைத்தான். நம்பிக்கை பிறந்தது. பின்னர் ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றான். அண்ணனும் போட்டார். ஆறாயிரம் வரவில்லை, ஆறாயிரம் போயிற்று. பெட்டி அறையிலேயே நின்றது. ஊருக்குப் போக அவர் வைத்திருந்த பணந்தான் இல்லை.

2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில், பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறத்தான் அது தேவை. இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதி மோசடிகள் தோற்றுவிடும். முன்பு தனியாள் ஒருவர் மற்றவருக்குப் "பணம் கொடு" என்று கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. அதுவும் மோசடிக்குப் பயன்பட்டதால் 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூ.ஆர். படம் அனுப்பி ஏமாற்றும் வழி அடைபடவில்லை.

கைப்பேசியும் வண்டியும்

பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# என்று அழுத்தினால் அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தோன்றும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். தடை செய்யப்பட்ட எண் என்று வந்தால் அதைத் தொடவேண்டாம். பில்லும் பெட்டியும் கேட்டு வாங்குவது நன்று.

வண்டி வாங்குவோர் ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் உள்ளன. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் தொழிலாளர் பலர். 2018இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்ற வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு, எங்கோ இருக்கும் பழைய உரிமையாளர் தலையில் விழும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாறட்டும். நேரில் பார்க்குமுன் ஒரு ரூபாயும் அனுப்பற்க.

2. பகலில், மக்கள் நடமாடும் இடத்தில் சந்திக்கவும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும்.

3. பணம் வந்தது என்று எதிராளி காட்டும் படத்தையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், நம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பின்னரே பொருளைக் கொடுக்கவும்.

4. அவசரப்படுத்துபவனிடம் "நாளை பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையானவன் பெரும்பாலும் காத்திருப்பான்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எடுக்கப்படுமுன் தடுத்தால் மீட்க வழி உண்டு. எனவே முதல் சில மணி நேரமே முக்கியம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு வருபவன் இரண்டாவது திருடன்.

ஏமாற்றுபவனை நாம் இன்றும் "ஃபோர் ட்வென்டி" என்கிறோம். 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம் பாரதிய நியாய சங்கிதையின் 318ஆம் பிரிவுக்கு மாறிவிட்டது. எண் மாறினாலும் குற்றம் குற்றமே. ஆனால் புகார் இல்லாமல் எந்தச் சட்டமும் நகராது. ஏமாந்தவர் வாய் திறவாமைக்குப் பணம் போன துயரத்தைவிட நண்பர்களின் கேலியே பெருங்காரணம். என் அண்ணனும் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் பணம் கைக்கெட்டாத தூரம் போய்விட்டது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அத்தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இச்செய்திகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதி, வாடகை அறைகளின் சுவர்களில் ஒட்டுவோம். ஏமாந்து வந்து நிற்பவரைக் கண்டால் சிரிக்காமல், 1930ஐ அழைத்துக் கைப்பேசியை அவர் கையில் கொடுப்போம். கற்ற கல்விக்கு அதுவே பயன்.