கடலோடி மரம்

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு நுனியை லேசாக நசுக்கிப் பீப்பி ஊதியிருக்கிறீர்களா? தெரியாதவர்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். அந்த இதய வடிவ இலைக்குச் சொந்தக்கார மரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பூவரசு, வெண்டைக்கும் பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவு. வெண்டைப் பூவையும் பூவரசம்பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. ஒரே ஜாடை!

ஆனால் பூவரசம்பூ நிறம் மாறும். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ, மாலையில் சிவக்கத் தொடங்கும். மறுநாள் ஊதா கலந்த சிவப்பாகிவிடும். இதழில் உள்ள நிறமிகள் மாறுவதே காரணம். காலையில் மலர்ந்த பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்து, நீங்களே கவனியுங்கள்.

இதன் சொந்த ஊர் கடற்கரை. காய் நீரில் மிதக்கும். மாதக்கணக்கில் உப்பு நீரில் மிதந்தாலும் விதை சாகாது. கரை ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். இந்தியப் பெருங்கடல் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் இம்மரம் இருப்பது இதனால்தான். ஹவாய்த் தீவு மக்கள் இதை 'மிலோ' என்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கட்டையைக் குடைந்து உணவுக் கிண்ணம் செய்தார்கள்.

பிறந்த இடம் தெரிந்துவிட்டால் வளர்ப்பது எளிது. கடற்கரை மரமாயிற்றே! நல்ல வெயில் வேண்டும். உப்புக்காற்றையும் மணல் தரையையும் தாங்கும். ஆண்டு முழுவதும் இலை இருப்பதால் கோடையிலும் அடர்ந்த நிழல் தரும்.

கிராமங்களில் மழைக்காலத் தொடக்கத்தில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நடுவார்கள். வெட்டிய மேல்நுனி காயாமல் இருக்கச் சாணி அப்புவார்கள். போத்து சீக்கிரம் வளரும். ஆனால் அதற்கு ஆணிவேர் இருக்காது. விதையிலிருந்து வரும் கன்றுக்குத்தான் உண்டு. எனவே காற்று பலமாக அடிக்கும் இடமென்றால் விதைக் கன்றே நல்லது. விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள்.

சுவரையும் சாக்கடையையும் விட்டுத் தள்ளி நடுங்கள். வேர் பரவ இடம் வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டுங்கள். தாழ்ந்து வளரும் பக்கக் கிளைகளைப் பெரியவர்களிடம் சொல்லிக் கழிக்கச் செய்தால், அடியில் உட்கார்ந்து விளையாட இடம் கிடைக்கும். பீப்பிக்கும் பஞ்சமில்லை!