ஒரே கால்வாய், இரு மாநிலங்கள்: நெய்யாற்று நீருக்குக் காத்திருக்கும் எல்லைக் கிராமங்கள்

புது தில்லி: திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மக்களவைத் தொகுதிகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பாறசாலையும் களியக்காவிளையும் இருக்கின்றன. நடந்தே கடந்துவிடக்கூடிய தொலைவுதான். ஆனால், அகத்தியமலையில் பிறந்து வரும் நெய்யாற்றின் நீர் 2004-க்குப் பிறகு அந்தத் தொலைவைக் கடக்கவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இருந்த காலத்தில் நெய்யாற்றுப் பாசனத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதே மாநிலத்தில்தான் இருந்தது. வலதுகரை, இடதுகரை என இரு கால்வாய்கள் வெட்டத் திட்டமிட்டபோது, மாநில எல்லை என்ற கேள்வி எழ இடமே இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் செல்வது இயல்பான ஏற்பாடாகக் கருதப்பட்டது.

எல்லைக்கோடு

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின்னர், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துடன் இணைந்தன. அந்த இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு ஆகியவை கேரளத்திலேயே தங்கின.

இதனால் அணையும் கால்வாயின் தலைப்பகுதியும் கேரளத்துக்குச் சென்றன. கடைவரம்பு தமிழகத்துக்கு வந்தது. விளவங்கோடு பகுதியில் 9,200 ஏக்கர் நிலம் இடதுகரைக் கால்வாயை நம்பியிருந்தது. பல ஆண்டுகள் நீர் வந்தது. முறைப்படி கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை என்பதை அக்காலத்தில் வயலில் இறங்கியவர்கள் பெரிதாக எண்ணவில்லை.

2003-இல் கேரள சட்டமன்றம் பாசனம் மற்றும் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிற மாநிலங்களுக்கு நீர் வழங்குவதற்குக் கட்டுப்பாடு விதித்தது அச்சட்டம். அடுத்த ஆண்டே கால்வாயில் வரவு நின்றது. நெய்யாறு தனது எல்லைக்குள் மட்டும் ஓடும் ஆறு என்றும், அதன் மீது தமிழகத்துக்கு உரிமை இல்லை என்றும், நல்லெண்ண அடிப்படையில் கட்டணம் பெற்று நீர் தரலாம் என்றும் கேரளம் கூறியது. உரிமையாகப் பெற்றுவந்த நீரை விலைக்கு வாங்கத் தமிழகம் ஒப்பவில்லை. பேச்சுவார்த்தையில் பலன் கிட்டாததால், 2012 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

கேரளத்தின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. 2017 கோடையில் திருவனந்தபுரத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நெய்யாறு அணையிலிருந்து அருவிக்கரைக்கு நீரை இறைத்துக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பாசனத்துக்கென அமைந்த அணை, நகரத்தின் தாகத்துக்கும் விடை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

பிரியாத வாழ்க்கை

அரசுகள் வழக்காடினாலும், எல்லைக் கிராமங்களின் வாழ்க்கை பிரியவில்லை. நேந்திரன் வாழைக்கு இரு பக்கத்திலும் ஏத்தன் என்றுதான் பெயர். மரவள்ளி இரு பக்கத்திலும் மரச்சீனி; வயற்பரப்பு ஏலா. களியக்காவிளைச் சந்தைக்குப் பாறசாலை வியாபாரிகள் வருவதும், நெய்யாற்றின்கரைக் கடைகளுக்குக் குமரி மாவட்டத்துக் காய்கறி போவதும் அன்றாட நிகழ்ச்சிகள். பாலராமபுரம் கைத்தறிக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அத்தறிகளை அங்கே நிறுவிய சாலியர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் திருவிதாங்கூர் அரசரால் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள்.

மைய அரசின் முடிவுகள் இந்த எல்லையை எளிதாகவும் ஆக்கியுள்ளன, கடினமாகவும் ஆக்கியுள்ளன. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், லாரிகள் காத்துக்கிடந்த அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. 2020-இல் கரோனா ஊரடங்கின்போதோ, இஞ்சிவிளையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் கேரளத்துக்குள் நுழைய முடியவில்லை. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதுபோல் எல்லையைக் கடந்தவர்கள், அது மாநில எல்லை என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தனர்.

விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குத் தமிழக மலைகளிலிருந்தும் கல் சென்றது. குமரி மாவட்டத்தில் மலைகளை உடைப்பதற்கு எதிராகக் குரல் எழுந்தபோதெல்லாம் நெய்யாற்றுப் பிரச்சினையும் சேர்ந்தே பேசப்படுகிறது. இங்கிருந்து கல் போகிறது, அங்கிருந்து நீர் வரவில்லை என்பதே கடைவரம்பு விவசாயிகளின் மனக்குறை.

மாறும் நிலம்

நீர் வராத ஏலாக்களில் நெல்லுக்குப் பதிலாக வாழையும் மரச்சீனியும் ரப்பரும் வந்தன. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. இதற்குக் கால்வாய் வறண்டது மட்டுமே காரணமல்ல; கூலி, நெல்லின் விலை, ரப்பர் தந்த வருமானம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனினும், ஒருமுறை வீட்டுமனையான வயல் மீண்டும் வயலாவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு தமிழகத்துக்குச் சாதகமாக வந்தாலும், 9,200 ஏக்கரில் எவ்வளவு நிலம் நீரைப் பெறும் நிலையில் எஞ்சியிருக்கும் என்பதே உண்மையான கேள்வி.

இரு மாநிலங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, பற்றாக்குறைக் காலத்துக்கும் பொருந்தும் பங்கீட்டு முறையை வகுக்க மைய அரசு முன்முயற்சி எடுக்கலாம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை இரு மாநிலங்களுக்கும் பொதுவானதாக அறிவித்தது மைய அரசுதான். காட்டைப் பொதுவாகக் கருத முடிந்தவர்களுக்கு, அக்காடு தரும் நீரைப் பகிர்ந்துகொள்ள வழிகாண்பது இயலாத காரியம் அல்ல. காலம் கடத்தினால், பங்கிட நீர் இருந்தாலும் பாய்ச்ச வயல் இருக்காது.