இ-பெட்டகம்: காக்கும் பதிவும் நம் பெயரும்



மகளின் கல்லூரிச் சேர்க்கை நாளில் சாதிச் சான்றிதழைத் தேடி வீட்டைக் கலைக்கும் தவிப்பு தேவதானத்திலும் உண்டு. இ-சேவையில் வாங்கிய சான்றிதழ்களைச் செல்போனிலேயே வைத்துக்கொள்ள, தமிழ்நாடு மின்னாளுமை முகமை தந்திருப்பது இ-பெட்டகம் செயலி. அதன் அடிப்படை பிளாக்செயின்.

பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் பேரேடுதான் பிளாக்செயின். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் 'கைரேகை' பதிந்திருக்கும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை பொருந்தாது, மோசடி வெளிப்பட்டுவிடும்.

ஆனால், தவறாக ஏறியதை அது திருத்தாது. தந்தை பெயர் ஆதாரில் 'முகமது', சான்றிதழில் 'முஹம்மது' என்றிருந்தால் அந்த வேறுபாடும் பத்திரமாக நிற்கும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்.