பாஸ் புவான்ட்: பாறை மேட்டில் ஒரு தமிழ்த் தடம்

கடல் கடந்து வாழும் தமிழர் என்றதும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மொரிசியஸ், தென்னாப்பிரிக்கா என்று விரல்விட்டு எண்ணுகிறோம். அந்த வரிசையில் கரிபியன் தீவாகிய மார்டினிக்கை நான் ஒருபோதும் சேர்த்ததில்லை. மொழிப் பயிற்சிக்காக ஒரு பருவம் பிரான்ஸில் தங்கியிருந்தபோது, விடுமுறையில் அங்கே போகும் வாய்ப்புக் கிட்டியது. பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு என்பதால் பாரிஸிலிருந்து நேராக விமானம் உண்டு. கடற்கரை பார்க்கத்தான் போனேன். திரும்பி வரும்போது மனத்தில் வேறொன்று இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஊரும் கடலும்

மார்டினிக்கின் தென்பகுதியில் வெண்மணற் கடற்கரைகள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அங்குதான் குவிகிறார்கள். கூட்டமில்லாத இடம் வேண்டும் என்று நான் வடக்கே கிளம்பினேன். தலைநகர் ஃபோர் த பிரான்ஸில் புறப்பட்ட பகிர்வு வண்டி வளைந்து வளைந்து ஏறி இறங்கி, வாழைத் தோட்டங்களைக் கடந்து என்னைப் பாஸ் புவான்ட் என்னும் சிற்றூரில் இறக்கிவிட்டது.

பாஸ் புவான்ட் என்றால் பிரெஞ்சு மொழியில் 'தாழ்ந்த முனை' என்று பொருள். ஆனால் ஊரோ பாறை மேட்டில் நிற்கிறது. கீழே அட்லாண்டிக் கடல் செங்குத்தான பாறைகளில் மோதி வெண்மையாகச் சிதறுகிறது. மணல் கறுப்பு, எரிமலை தந்த மணல். அலை முரட்டுத்தனமானது; அதில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. முதுகுப்புறம் திரும்பினால் மேகம் போர்த்திய பெலே எரிமலை. 1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் வெடித்து, தீவின் மறுபக்கத்தில் இருந்த சான் பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்த மலை அதுதான்.

மக்கள்தொகை சில ஆயிரம்தான். ஒரு தேவாலயம், ஒரு நகராட்சி மன்றம், சில கடைகள். நண்பகலில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கவிஞரும் அரசியல் தலைவருமான எமே செசேர் 1913இல் இவ்வூரில் பிறந்தார் என்பதால் சிலர் தேடி வருவதுண்டு. கறுப்பின மக்கள் தம் அடையாளத்தைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று எழுதியவர் அவர். 1945 முதல் 2001 வரை ஃபோர் த பிரான்ஸ் நகரின் மேயராக இருந்தார்.

குழம்பும் கொலோம்போவும்

நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய அம்மையார். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். என் அப்பத்தாவின் தங்கை என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். பேச்சு மட்டும் முழுக்கப் பிரெஞ்சும் கிரியோலும்.

இரவு உணவுக்குக் கோழி 'கொலோம்போ' செய்திருந்தார். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு எல்லாம் சேர்ந்த பொடியில் வெந்த கறி. முதல் வாய் எடுத்ததும், "இது எங்கள் வீட்டுக் குழம்பு" என்றேன். மார்டினிக் மக்கள் அனைவரும் தங்கள் தேசிய உணவாகக் கருதும் இந்தக் கொலோம்போ, நம் 'குழம்பு' என்னும் சொல்லின் திரிபு என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அந்தத் தீவுப் பெண்கள் விழா நாள்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணியின் பெயர் 'மதராஸ்'. துணி வணிகத்தின் வழியே முன்பே வந்துவிட்டது. குழம்பு பின்னர் மனிதர்களோடு வந்தது.

அவர்கள் வந்த கதை

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினர். முதலாளிகளுக்குக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. அங்கிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6ஆம் நாள் மார்டினிக் வந்து சேர்ந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் திரட்ட வழி பிறந்தது. 1883 வரையிலான 30 ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டோர் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரும் பயணம் ஏறக்குறைய மூன்று மாதம். ஒப்பந்தம் ஐந்தாண்டு. பலர் நோயில் மாண்டனர். பலர் ஊர் திரும்பினர். எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர். வடக்கின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் அதிகம் குடியேறியதால், இன்றும் பாஸ் புவான்ட் வட்டாரத்தில் அவர்களின் வழித்தோன்றல்களைக் காணலாம். வீரசாமி, ராமசாமி, பெருமாள் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. 'கூலி' என்ற சொல்லே அங்கு வசைச் சொல்லானது. அண்டைத் தீவாகிய குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை போராட வேண்டியிருந்தது. 1948இல் பாஸ் புவான்ட்டின் தோட்டமொன்றில் வேலைநிறுத்தத்தின்போது வெள்ளைக்கார நிர்வாகி ஒருவர் கொல்லப்பட்டார். கரும்பு வெட்டும் தொழிலாளர் 16 பேர் கைதாயினர். 1951இல் பிரான்ஸின் போர்தோ நகரில் நடந்த வழக்கில் அனைவரும் விடுதலையாயினர். தோட்ட வாழ்வின் கசப்பை அறிந்த நமக்கு இக்கதைகள் அந்நியமானவை அல்ல.

மாரியம்மனும் நாகூராரும்

மறுநாள் அம்மையார் என்னைத் தோட்டப்புறக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வாழை மரங்களுக்கு நடுவே சிறிய கட்டடம். அன்று பூசை ஏதும் இல்லை. அங்கே வணங்கப்படும் தெய்வங்களின் பெயர்களை அவர் சொன்னார்: மாலியேமேன், மால்தெவிலேன், நாகுமிலா. ஒவ்வொன்றாக விளங்கியபோது எனக்குச் சிலிர்த்தது. மாரியம்மன், மதுரைவீரன், நாகூர் மீரா!

கடற்பயணிகளின் காவலர் என்று போற்றப்படும் நாகூர் ஆண்டவரைக் கப்பலேறிய இந்துக்களும் வேண்டிக்கொண்டனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் அவர் பெயரால் தர்கா எழுப்பினர். மார்டினிக்கிலோ அவர் மாரியம்மன் கோயிலிலேயே இடம்பெற்றுவிட்டார். ஒரே கரையிலிருந்து கிழக்கே ஒரு கப்பலும் மேற்கே ஒரு கப்பலும் புறப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேர்த்திக்கடன் பூசையில் தப்பு முழங்க, பூசாரி அருள்வந்து வெட்டுக்கத்தியின் விளிம்பில் நிற்பாராம். ஆட்டுக்கிடாய் பலியிடப்படும். அருள்வாக்கு 'தமூல்' மொழியில் வரும். பக்கத்தில் நிற்பவர் அதைக் கிரியோலில் சொல்வார். 'தமூல்' என்பது நம் தமிழ்தான். இவ்வட்டாரத்தில் வாழ்ந்த அந்துவான் தங்கமென் என்னும் பூசாரி தமிழ் பேசத் தெரிந்தவர். 'சுவாசோ', அதாவது பறவை, என்பது அவருடைய பட்டப்பெயர். அவர் சொன்ன வாழ்க்கைக் கதை நூலாகவும் வெளிவந்துள்ளது. அவரைப் போன்றோர் மறைந்தபின், மந்திரம் மட்டும் மனப்பாடமாக நிற்கிறது. மொழி அன்றாடப் பேச்சில் இல்லை.

மொழி ஏன் மறைந்தது?

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாமும் தோட்டத்துக்கு வந்தவர்கள்தாமே? யோசித்தபோது சில காரணங்கள் தென்பட்டன. மலாயாவுக்கு ஆள்வரவு பல தலைமுறை தொடர்ந்தது. அங்கே 30 ஆண்டுகளில் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஒரு வாரம் பத்து நாள்தான். ரஜூலா போன்ற கப்பல்கள் போவதும் வருவதுமாக இருந்தன. கங்காணி தன் ஊராரையே அழைத்து வந்ததால் லயத்தில் ஊர்ப்பேச்சு நிலைத்தது. மார்டினிக்கிலோ மூன்று மாதத் தொலைவு. தோட்டத்தின் பொதுமொழி கிரியோல். பள்ளியின் மொழி பிரெஞ்சு மட்டுமே.

எல்லாவற்றுக்கும் மேலாக நமக்குத் தமிழ்ப்பள்ளி கிடைத்தது. தோட்டத்து ஆலமரத்தடியிலும் கொட்டகையிலும் தொடங்கிய அந்தப் பள்ளிகள் இன்று மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேல் உள்ளன. அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் மொழியை மறந்தார்கள் என்று சொல்வது தவறு. மொழியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் தரப்படவில்லை.

ஒரு சொல்லின் பொருள்

கிளம்பும் நாளின் காலை, பாறை விளிம்பில் இருந்த கல் இருக்கையில் இருவரும் அமர்ந்திருந்தோம். அம்மையார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என் பாட்டி புயல் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்வார். நானும் சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். பொருள் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்றவர் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே காபாத்து" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "அம்மா, எங்களைக் காப்பாற்று என்று பொருள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிறிது நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளாகச் சரியான நேரத்தில்தான் சொல்லியிருக்கிறேன்" என்று சிரித்தார். அதை எழுதித் தரச் சொன்னார். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தபடியே கேட்டார்: "உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறிய பிறகுதான் என் அக்காள் மகளின் நினைவு வந்தது. எட்டு வயது. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் மலாய். அவளால் அந்தத் தாளைப் படிக்க முடியாது. ஐந்நூறு பள்ளிகள் உள்ள நாட்டில், யாரும் தடுக்காமலேயே, எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் அவளுக்கு நான் எழுத்துச் சொல்லித் தருகிறேன். ககர வரிசையை முடித்துவிட்டோம். 'கா' அவளுக்கு எழுத வருகிறது. பாறை மேட்டில் இருக்கும் அந்த அம்மையாரிடம் நான் சொன்ன பதில் மெய்யாக இன்னும் சில எழுத்துகள்தான் பாக்கி. உங்கள் வீட்டில் எத்தனை எழுத்துகள் பாக்கி, நண்பர்களே?