மாங்கனி விழும், கூடை நகரும்

கேம் விளையாடும் பிள்ளையைத் திட்ட எங்கள் தெருவில் ஆள் நிறைய உண்டு. அதே பிள்ளைக்குக் கேம் செய்யச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில் என் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் நான் நடத்தும் கணினி வகுப்பு அந்தக் குறையில் முளைத்தது. பெரும்பாலும் நாலாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மடிக்கணினிகள் எல்லாம் யாரோ உபயோகித்துக் கொடுத்தவை. ஒன்றைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்துகொள்வார்கள்.

புதிதாக வரும் பிள்ளையோடு நான் முதலில் செய்வது மாங்கனி கேம். ஆனி மாதம் காரைக்காலில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், கீழே நிற்பவர்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். இந்தப் பக்கத்தில் அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. மேலிருந்து மாம்பழம் விழ வேண்டும், கீழே கூடை நகர வேண்டும், பிடித்தால் ஒரு புள்ளி. விதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைச் செய்ய நாங்கள் எடுத்துக்கொள்வது ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருள். இதில் நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டாம். ‘பத்து அடி நகர்’, ‘இதைத் தொட்டால்’, ‘எப்போதும் திரும்பத் திரும்பச் செய்’ என்பது போன்ற கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக ஓரத்தில் இருக்கும். மவுஸால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டைகள் ஒட்டவே ஒட்டாது. எழுத்துப் பிழைக்கும் அரைப்புள்ளிக்கும் பயந்து கணினியை விட்டே ஓடிப்போன மாணவர்களை நான் கல்லூரியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் இங்கே கிடையாது.

திரையில் கேம் நடக்கும் இடத்துக்கு மேடை என்று பெயர் வைத்திருக்கிறோம். அகலம் 480 புள்ளி, உயரம் 360. நடு இடம் பூஜ்யம். வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. ஐந்தாவது படிக்கும் ஒரு பெண் கூடையை இடப்பக்கம் ஓட்டிக்கொண்டே எண்ணைப் பார்த்தாள். பூஜ்யத்தைத் தாண்டியதும் மைனஸ் வந்தது. “பூஜ்யத்துக்குக் கீழயும் நம்பர் இருக்காக்கா?” என்றாள். அவள் வகுப்பில் குறை எண்கள் இன்னும் வரவில்லை. அன்றைக்கே கூட்டல் கழித்தல் வரைக்கும் போய்விட்டோம். அவளுக்கு அது கணக்காகத் தெரியவில்லை, கூடை இருக்கும் இடமாகத்தான் தெரிந்தது.

அவள் செய்த கேமில் ஒரு கோளாறு வந்தது. இதைச் செய்கிற எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். ஒரு மாம்பழம் கூடைக்குள் விழுந்தால் புள்ளி சரசரவென்று ஏறிப் பத்தைத் தாண்டிவிடும். எனக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த தோழியை அவள் எழுப்பி, “நீதான் மாம்பழம், மெதுவா நடந்து வா” என்றாள். தரையில் விரித்த துண்டுதான் கூடை. தோழி துண்டின் மேல் அடி வைத்ததும் இவள் கைதட்டி, “தொடுதா? தொடுது, ஒண்ணு. தொடுதா? தொடுது, ரெண்டு” என்று எண்ண ஆரம்பித்தாள். தோழி துண்டைக் கடப்பதற்குள் எண்ணிக்கை ஏழுக்குப் போய்விட்டது. இவள் நிறுத்தினாள். “நீ தொட்ட உடனே மாடிக்குப் போயிடணும்டி!” என்று கத்திக்கொண்டு கணினிக்கு ஓடினாள்.

நடந்தது அதுதான். ‘எப்போதும்’ என்ற கட்டை ஒரு வினாடிக்கு ஏறக்குறைய முப்பது முறை சோதித்துப் பார்க்கிறது. மாம்பழம் கூடைக்குள் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புள்ளி சேர்ந்துவிடுகிறது. புள்ளி சேர்த்த கையோடு பழத்தை மேலே அனுப்பிவிட்டால் கோளாறு தீர்ந்தது. இதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். நிரலாக்கத்தின் உயிரான இடம் இது என்று நான் நினைக்கிறேன். செய்தது ஒன்று, நடந்தது ஒன்று. அந்த இடைவெளிக்குக் காரணம் தேடும் பொறுமை, தான் ஆசைப்பட்டுச் செய்த பொருளில்தான் பிள்ளைக்கு வருகிறது.

அவள் தோழியை நடக்கவிட்டதைப் பார்த்தால் சீமோர் பேப்பர்ட் மகிழ்ந்திருப்பார். குழந்தைகள் எப்படி அறிகிறார்கள் என்று ஆராய்ந்த ழான் பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை செய்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன கணித அறிஞர் அவர். 1967இல் அவரும் வாலி ஃபோயர்சீக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முன்னே 100, வலப்பக்கம் 90 பாகை என்று நான்கு தடவை சொன்னால் ஆமை ஒரு சதுரம் வரையும். வட்டம் வரையத் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம், நீயே ஆமையாக நடந்து பார் என்பார் பேப்பர்ட். கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு என்று உடம்பே சொல்லிவிடும். 1980இல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் இதையெல்லாம் விரித்து எழுதினார். கணினி பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூடாது, பிள்ளைதான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு அதே எம்.ஐ.டி.யில் உருவாக்கி 2007 மே மாதம் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச்.

எட்டாவது படிக்கும் ஒரு பையன் மாங்கனியோடு நிற்கவில்லை, படகு கேம் செய்தான். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவன் கேமில் மீன் பிடித்தால் புள்ளி, வலது ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அது இலங்கை எல்லைக் கோடு. காரைக்கால் படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபடும் செய்தியைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு வேறு எதிரி தேவைப்படவில்லை. குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால் என்று சோதிக்க ஸ்கிராட்சில் ஒரு கட்டையே இருக்கிறது. அதை வைத்துச் சுலபமாக முடித்துவிட்டான்.

ஒருநாள் மகனைக் கூட்டிப்போக வந்த அப்பா அதை விளையாடிப் பார்த்தார். “கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா எவன்டா போவான்?” என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “ராத்திரில வலைய விட்டுட்டு நிக்கிறப்ப தண்ணி இழுத்துக்கிட்டே போயிடும், அதையும் போடு” என்றார். பையன் கோட்டை மறைத்தான். படகு சும்மா நின்றாலும் ஒவ்வொரு வினாடியும் இரண்டு புள்ளி வலப்பக்கம் நகரும்படி ஒரு கட்டையைச் சேர்த்தான். அப்புறம் ஜி.பி.எஸ். வேண்டுமென்று தோன்றி, படகு இருக்கும் இடத்தின் எண்ணை மூலையில் காட்டினான். அப்பாவின் அனுபவம் மாறிகளாகவும் நிபந்தனைகளாகவும் மாறியதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். எந்தப் பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்திலும் இந்தப் பாடம் இருக்க முடியாது.

பள்ளிக்கூடங்களில் இது இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. காரைக்கால் அரசுப் பள்ளிகளும் அதே புத்தகத்தைத்தான் படித்துவந்தன, பிறகு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கம் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ‘ஸ்கிராட்ச் என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் மனப்பாடம் செய்த பிள்ளை, அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் என்னிடம் வந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே நிற்கின்றன. அங்கே பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து கையால் செய்து பழகுகிறார்கள்.

வீட்டில் கணினி இல்லையே என்பார்கள் பெற்றோர். ஸ்கிராட்சை ஒருமுறை பதிவிறக்கி நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். பழைய மடிக்கணினியே போதும். கைபேசி மட்டும்தான் என்றால் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பாக்கெட் கோட்’ இருக்கிறது. இதே கட்டை அடுக்கும் முறையில் கைபேசியிலேயே கேம் செய்யலாம். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் என்றால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்தே செய்யக்கூடிய ‘ஸ்கிராட்ச் ஜூனியர்’ நல்லது. கட்டைகள் சலித்துப்போன பிள்ளைகளுக்கு நான் எழிலைக் காட்டுகிறேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய இந்த நிரல்மொழியில் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம். அதில் தர்க்கம் பிடிபட்ட பிள்ளை பைத்தானுக்குப் போகும்போது தடுமாறுவதில்லை.

எங்கள் ஊரில்தான் புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 2010இல் தொடங்கிய நிறுவனம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கணினி அறிவியல் படிக்கப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அவர்களில் நாலு பேர் வாரம் ஒரு மணி நேரம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் எவ்வளவோ நடக்கும். தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாம்பழம் விழுவதைக் காட்ட மொழி எதற்கு?

நான் குறித்து வைத்திருப்பது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். மே மாதம் பிள்ளைகளுக்கும் விடுமுறை. அந்த நாட்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வந்து உட்காரும்படி ஒரு முகாம் நடத்தப்போகிறேன். வலை, காற்று, நீரோட்டம், மீன் விலை என்று விதிகளை அப்பா சொல்வார், கட்டைகளைப் பிள்ளை அடுக்கும். மடிக்கணினி இன்னும் நாலைந்து வேண்டும். உங்கள் வீட்டில் ஓடுகிற நிலையில் ஒன்று சும்மா கிடந்தால், உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கூடத்தை நீங்களும் திறந்துவிடலாம்.