குளம்படி – 11: நூறுக்கு ஒன்று

சென்ற வாரம் 1967-ல் வேலி தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை ஜெயித்த ஃபாய்னவன் என்ற குதிரையைப் பார்த்தோம். முன்னால் போன குதிரைகள் ஒரு வேலியில் முட்டி மோதி நின்றுவிட, பின்தங்கி வந்ததற்கு வழி கிடைத்தது. அதைப் பழக்கிய ஜான் கெம்ப்டன் அன்று மைதானத்துக்கே வரவில்லை. இது எங்கே ஜெயிக்கப்போகிறது என்று வூஸ்டருக்கு வேறொரு குதிரையை ஓட்டப் போய்விட்டார். ஃபாய்னவனுக்கு அதிர்ஷ்டம். இந்த வாரக் குதிரை அப்படி ஜெயிக்கவில்லை.

சிரெல் கிரிஃபித்ஸ் வேல்ஸில் நன்ட்கரேடிக் என்ற ஊரில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவர். லாயத்தில் மொத்தம் மூன்று குதிரை. அவரிடம் இருந்ததும் முழு டிரெய்னர் லைசென்ஸ் அல்ல, பெர்மிட். சொந்தக் குதிரை, குடும்பத்தார் குதிரை, அவ்வளவுதான் பழக்கலாம். பணக்கார முதலாளிகளின் குதிரையைக் கூலிக்கு வாங்கிப் பழக்க முடியாது.

அவருடைய குதிரை நார்டன்ஸ் காயின் 1990 மார்ச்சில் செல்டன்ஹாம் கோல்டு கப்பில் ஓடியதற்குப் பெரிய கனவு எதுவும் காரணமில்லை. அவர் முதலில் நினைத்த பந்தயத்துக்கு அந்தக் குதிரைக்குத் தகுதி இல்லை. இரண்டாவதாக நினைத்ததற்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது கோல்டு கப். வேலி தாண்டும் பந்தயங்களில் அதுதான் உச்சம்: மூன்றே கால் மைலுக்கு மேல், 22 வேலி, எளிய குதிரைக்கு எடைச் சலுகையும் கிடையாது. கிண்டியில் சமதள ஓட்டம் மட்டுமே பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செல்டன்ஹாமில் கடைசி வேலிக்கு அப்புறம் மேட்டில் ஏற வேண்டும். மூச்சு இல்லாத குதிரை அங்கே நின்றுவிடும்.

புக்கிகள் போட்ட விலை நூறுக்கு ஒன்று: ஒன்று கட்டி ஜெயித்தால் நூறு. முதலில் வருவதைவிடக் கடைசியில் வரத்தான் வாய்ப்பு என்று ரேஸ் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். இத்தனைக்கும் முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் நன்றாக ஓடிய குதிரை அது. என்னைக் கேட்டால், அந்த விலை குதிரைக்குப் போட்டதல்ல, லாயத்துக்குப் போட்டது.

அன்று காலை கிரிஃபித்ஸ் வழக்கம்போல் பால் கறந்தார். பிறகு குதிரையை வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு செல்டன்ஹாம் போனார். கூட்டம் முழுக்க டெசர்ட் ஆர்க்கிட் என்ற வெள்ளைக் குதிரையின் பக்கம். முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற ஃபேவரிட் அது. மேட்டில் ஜென்னி பிட்மன் பழக்கிய டோபி டோபியாஸ் முன்னால் போக, ஜாக்கி கிரஹாம் மெக்கோர்ட் நார்டன்ஸ் காயினை விரட்டிக்கொண்டு வந்து பிடித்தார். முக்கால் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி. டெசர்ட் ஆர்க்கிட் மூன்றாவது. யாரும் விழுந்து வழிவிட்டதால் வந்த வெற்றி என்று முணுமுணுக்கவும் முடியவில்லை. மைதானச் சாதனை நேரமே உடைந்திருந்தது.

அதற்குப் பிறகு நூறுக்கு ஒன்று விலையில் எந்தக் குதிரையும் கோல்டு கப்பை வெல்லவில்லை. இன்று வில்லி முல்லின்ஸ் போன்ற டிரெய்னர்களின் பெரிய லாயங்களிலிருந்து செல்டன்ஹாமுக்குக் குதிரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிராண்ட் நேஷனலிலும் இடம் குறைந்துவிட்டது: 2024 முதல் 40 குதிரைக்குப் பதில் 34 மட்டுமே. தகுதி மதிப்பெண்ணையும் 125-லிருந்து 130 ஆக்கிவிட்டார்கள். குதிரைகள் விழுந்து சாகாமல் இருக்கச் செய்த மாற்றம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வெளியே நிற்கும் அந்த ஆறு குதிரைகளில் பெரிய லாயத்தினுடையது எத்தனை இருக்கும்?