நம்பத்தகும் கற்பனையும் நம்பவொண்ணா நிகழ்ச்சியும்

அறிவியற் புனைகதைகளையும் மாயக்கதைகளையும் தொலைக்காட்சியிற் கண்டு மகிழ்வோரிடையே எழும் வாதங்கள் புறத்தார்க்கு விந்தையாகத் தோன்றுவன. தீயுமிழும் டிராகனை ஐயமின்றி ஏற்றுக்கொண்ட ஒருவர், அண்டங்காக்கை ஒன்று குறுகிய பொழுதிற் பறந்த தொலைவை ஏற்க மறுக்கின்றார். விண்மீன்களிடையே கப்பல் செல்வதை ஒப்புக்கொண்டவர், அக்கப்பலின் தலைவன் சென்ற வாரம் கூறிய விதியை இவ்வாரம் மறந்தான் என்று சினக்கின்றார். "நடவாத கதையில் எது நடந்தால் என்ன?" என்பது புறத்தார் வினா. வினா எளிது; விடை எளிதன்று. இலக்கியக் கொள்கையின் பழைய சிக்கலொன்று அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

கி.மு. நான்காம் நூற்றாண்டினரான அரிஸ்டோட்டில், நிகழக்கூடியதாயினும் நம்பவொண்ணாத ஒன்றைவிட, நிகழமுடியாததாயினும் நம்பத்தகுவதாய் அமைந்ததையே கவிஞன் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்றார். ஆங்கிலக் கவிஞரான கோல்றிட்ஜ், 1817இல் வெளிவந்த தமது நூலில், படிப்போன் தன் ஐயத்தைத் தானே விரும்பி ஒத்திவைக்கும் மனநிலையைப் பற்றிப் பேசினார். ரொல்கீன் 1939இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் இன்னும் ஒருபடி மேற்சென்றார். சிறந்த கதைஞன் படைக்கும் இரண்டாம் உலகினுள் நாம் புகுகின்றோம்; அவ்வுலகின் விதிகளுக்கு இயைந்தவை யாவும் அங்கு உண்மையாகின்றன; ஐயம் பிறந்த அக்கணமே மாயம் கலைந்துவிடுகின்றது என்பது அவர் கருத்து. எனவே காண்போர் வேண்டுவது மெய்யுலகோடு பொருத்தம் அன்று. கதையுலகு தன்னோடு தான் பொருந்துவதே.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வாரந்தோறும் பெருங்கப்பலைக் கோள்களில் இறக்கிக் காட்டுதல் பெருஞ்செலவாகும் என்பதால், மனிதரை ஒரு நொடியில் இடம்பெயர்க்கும் கருவியொன்றை அதன் படைப்பாளர் புகுத்தினர். அக்கருவி எவ்வாறு இயங்கும் என்று காண்போர் பெரிதும் வருந்தினாரல்லர். ஆயின் அவ்வாண்டின் கதையொன்றில், கருவி பழுதுற்றமையால் மாலுமியர் சிலர் குளிர்மிகு கோளொன்றிற் சிக்கி உறைந்து வாடினர். சிறு ஓடமொன்றை அனுப்பி அவர்களை மீட்கலாகாதா என்று காண்போர் பிற்காலத்திற் கேட்டனர். அக்கதை எழுதப்பட்ட வேளையில் ஓடம் என்பதே அத்தொடரிற் படைக்கப்படவில்லை என்பது வரலாறு கூறும் விடை. எனினும் வினா குற்றமுடையதன்று. கதைக்குள் ஒரு வசதியைக் கொணர்ந்தவன், அதனைப் பயன்படுத்தாமைக்கும் காரணம் கூறக் கடமைப்பட்டவனாகின்றான்.

1963இல் பி.பி.சி. தொடங்கிய 'டொக்டர் ஹூ' அக்கடமையின் நீட்சியைக் காட்டுவது. முதல் நடிகர் உடல்நலங் குன்றி 1966இல் விலகியபோது, கதைத்தலைவன் புத்துடல் பெறுவான் என்னும் உபாயம் கண்டனர். இடர்ப்பாட்டிற் பிறந்த இவ்வுபாயமே கதையின் உயிர்நிலையாயிற்று. 1976இல் வெளியான கதையொன்று, அத்தகைய மாற்றம் பன்னிரு முறைக்கு மேல் நிகழாது என விதித்தது. எழுதியோர் அதனை எளிதாகக் கடந்திருக்கலாம், இரசிகரோ மறந்திலர். 2013ஆம் ஆண்டு நத்தார் நாளன்று ஒளிபரப்பான கதை, அவ்வெல்லை வந்துற்றதென ஒப்பி, அதனைக் கடத்தற்குரிய வழியைக் கதையினுள்ளேயே அமைத்தது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் சொன்ன ஒரு சொல்லுக்கு அளித்த மதிப்பு அது.

நம்பகத்தன்மையோடு பின்னிப் பிணைந்தது கதையின் தொனி. மேற்கூறிய 1976ஆம் ஆண்டுக் கதை வெளியானபோது இரசிகர் சிலர் அதனைக் கடிந்தனர். 1969இல் பெருமிதமும் அச்சமும் தோன்றக் காட்டப்பட்ட காலத்தலைவர்கள், இங்கே சூழ்ச்சியும் தளர்ச்சியும் உடைய முதியோராய்க் காட்சியளித்தமையே அவர்கள் குறை. பின்வந்தோர் அக்கதையையே சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றினர். முதலில் முரணாகத் தோன்றியது, பின்னர் ஆழமாகத் தெரிந்தது. ஆதலின் இரசிகர் தீர்ப்பும் மாறுதற்குரியதே.

நகைச்சுவை பற்றிய வாதமும் இத்தகையது. டக்ளஸ் அடம்ஸ் கதைப் பதிப்பாசிரியராயிருந்த 1979–80ஆம் ஆண்டுப் பருவத்தில் நகை மிகுந்துவிட்டதென்று பலர் குறைகூறினர். ஆயினும் அப்பருவத்தில் வந்த 'சிற்றி ஒவ் டெத்' இன்றும் பாராட்டப்படுவது. அதிலே கதைத்தலைவன் இடைவிடாது வேடிக்கை பேசுகின்றான். ஆயின் உலகில் உயிர்த்தோற்றத்தையே தடுக்க முயலும் பகைவனின் நோக்கம் வேடிக்கையாக்கப்படவில்லை. இடரை மெய்யென வைத்து மாந்தரை நகைக்கவிடுதல் ஒன்று. இடரையே நகைப்புக்கிடமாக்குதல் வேறொன்று. முன்னது கதையைக் காக்கும். பின்னது கதையைக் கொல்லும்.

'கேம் ஒவ் துரோன்ஸ்' தொடரின் ஏழாம் பருவத்தில், 2017இல், வடதிசைப் பனிவெளியிற் சூழப்பட்ட வீரர் அண்டங்காக்கை வாயிலாகச் செய்தி விடுப்பர். தென்றிசைத் தீவிலிருந்து அரசி டிராகன் மீதேறி வந்து காப்பாள். தொலைவையும் காலத்தையும் கணக்கிட்ட இரசிகர் இஃது இயலாதென்றனர். அப்பகுதியை நெறிப்படுத்திய அலன் ரெய்லர், காலக்கணக்குத் தெளிவற்றதே என ஒப்பி, உணர்ச்சியின் வேகம் காண்போரை இழுத்துச் செல்லும் என்று தாம் கருதியதாகக் கூறினார். நம்பத்தகும் இயலாமை என்னும் அரிஸ்டோட்டிலின் கருத்தையே அவர் துணைக்கழைத்தமை குறிப்பிடத்தக்கது. ஆயின் அத்தொடரின் தொடக்கப் பருவங்களில் நெடும்பயணம் பல வாரங்கள் நீண்டது. வழியில் நேர்ந்த இன்னல்களே மாந்தரின் இயல்பை வெளிப்படுத்தின. தொலைவு என்பது அக்கதையின் அறங்களுள் ஒன்று. அதனை நீக்கியபோது, காக்கையின் வேகம் மட்டுமன்று, மாந்தர் பட்ட பாடுகளின் பெறுமதியும் குறைந்தது. இரசிகர் உண்மையில் வருந்தியது அதன்பொருட்டேயாம்.

எல்லாக் குறைகளும் நேரியவை எனல் பொருந்தாது. ஒலியில்லா விண்வெளியிற் போரொலி கேட்பதைச் சுட்டுவோர் அறிவியலை உரைக்கின்றனர். அது மேடையின் இசைபோன்ற ஒரு மரபு என்பதை மறக்கின்றனர். மரபை மீறுதல் வேறு. வாக்கை மீறுதல் வேறு. திறனாய்வுக்கு வேண்டுவது இவ்வேறுபாட்டை அறியும் நுண்மையே.

"இது வெறுங் கற்பனைதானே" என்பார் படைப்போனையும் காண்போனையும் ஒருங்கே தாழ்த்துகின்றனர். மெய்யுலகில் நிகழ்வதற்கு உலகமே சான்று. கற்பனையுலகுக்கோ படைப்போனின் வாக்கொன்றே சான்று. ஆதலினாலேயே அங்கு வாய்மை இன்னும் வேண்டப்படுகின்றது.